டூயி பால்ஃபாவின் ஃபிடிலும் நாலு கட்டைத் தந்தியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 'கேஜன்' என்ற நாட்டுப்புற இசையை வாசித்த ஃபிடில் கலைஞர் டூயி பால்ஃபா (1927–1992) பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் பழைய வட ஆற்காடு முழுவதிலுமிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் கல்லூரி இசைக்குழுவில் ஒருவர் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து தட்டுவார். அதைக் கஹோன் என்கிறோம். கேஜன் இசை என்பது அந்தப் பெட்டியின் இசையா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

இல்லை. அந்தப் பெட்டி பெரு நாட்டிலிருந்து வந்தது, பெயருக்கு ஸ்பானிய மொழியில் 'பெட்டி' என்றுதான் பொருள். கேஜன் என்பது ஒரு மக்களின் பெயர். கனடாவின் கிழக்குக் கரையில், இன்றைய நோவா ஸ்கோஷியா பக்கம், அக்காடியா என்ற பிரெஞ்சுக் குடியேற்றம் இருந்தது. 1755-ல் பிரிட்டிஷார் அவர்களை வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டு விரட்டினார்கள். அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலத்திலும் புல்வெளியிலும் குடியேறினார்கள். 'அக்காடியன்' என்ற பெயர் வாய்வழக்கில் தேய்ந்து 'கேஜன்' ஆனது. முதலில் அவர்களிடம் ஃபிடில்தான் இருந்தது. ஜெர்மனியில் செய்த ஒற்றை வரிசை அக்கார்டியன் (துருத்தியும் ஒரே வரிசைப் பொத்தான்களும் கொண்ட கருவி) 19-ம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. கூடவே இரும்பு முக்கோணம், பின்னாளில் கிடார். 1928-ல் ஜோ ஃபால்கனும் க்ளியோமா ப்ரோவும் நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்த இசைத்தட்டுதான் முதல் கேஜன் இசைத்தட்டு.

எங்கள் பக்கம் கூத்தில் ஹார்மோனியம் வாசிப்பவர்கள் பகலில் கூலி வேலைக்குப் போகிறார்கள். பால்ஃபாவுக்குப் பாட்டு மட்டுமே சோறு போட்டதா? அவர் வாழ்க்கையை விரிவாக எழுதுங்கள்.
– வாசகர், ஆரணி

சோறு போடவில்லை. விளைநிலம், இன்ஷூரன்ஸ் விற்பனை, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது, பிறகு பேசில் என்ற சிற்றூரில் ஒரு மேசை நாற்காலிக் கடை. இவைதான் அவர் குடும்பத்தைத் தாங்கின. அவரோடு வாசித்த பெரிய அக்கார்டியன் கலைஞர் நேதன் ஆப்ஷர் அதே ஊரின் குப்பைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அவரும் இசைத்தட்டு விற்ற கலைஞர்தான்.

பால்ஃபா பிறந்தது 1927 மார்ச் 20, மாமூ என்ற ஊருக்கு அருகே. அப்பா சார்ல்ஸ் வாரத்துக்குப் பயிர் வைத்தவர், ஃபிடில் வாசிப்பார். பிள்ளைகள் அவரைப் பார்த்தும் கேட்டுமே கற்றார்கள். சுரம் எழுதிய தாள் அந்த வீட்டில் கிடையாது. சனிக்கிழமை இரவு ஒரு வீட்டில் கட்டில், மேசையெல்லாம் வெளியே போகும், கூடம் ஆட்டக்களமாகும். குழந்தைகளைப் பின் அறையில் தூங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் ஆடுவார்கள். அதனால்தான் அந்த ஆட்டத்துக்கே 'ஃபே டோ டோ', அதாவது 'தூங்கு கண்ணே', என்று ஒரு பெயர் வந்தது. ஒலிபெருக்கி இல்லாத கூடத்தில் நூறு கால்களின் சத்தத்தையும் தாண்டிக் குரல் போய்ச் சேர வேண்டும். கேஜன் பாடகர் மேல் ஸ்தாயியில், தொண்டையை இறுக்கி, கூவுவதுபோல் பாடுவதற்குக் காரணம் அதுதான். திரௌபதி அம்மன் கோயில் முன்பு விடிய விடியப் பாரதக் கூத்து பாடுபவர் கடைசி வரிசைப் பாய்க்கும் கேட்க வேண்டுமென்று சுருதியை ஏற்றிவைப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டையும் கரடுமுரடான குரல் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த இடத்தில் நின்று கேட்டதில்லை.

1964-ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுக்கு லூசியானாவிலிருந்து கலைஞர்களைத் தேடிக்கொண்டு ரால்ஃப் ரின்ஸ்லர் என்ற ஆய்வாளர் வந்தார். அக்கார்டியனுக்கு க்ளேடியஸ் திபடோ, ஃபிடிலுக்கு லூயி லஜூன் என்று முடிவானது. கடைசி நேரத்தில் கிடாருக்கு ஆள் தேவைப்பட, பால்ஃபா சேர்ந்துகொண்டார். ஆம், அவர் பெயரை ஊரறியச் செய்த பயணத்தில் அவர் கையில் இருந்தது ஃபிடில் அல்ல, கிடார். போவதற்கு முன்பே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, இந்தப் பழைய சங்கீதத்தை வெளியே கொண்டுபோய் மாநிலத்துக்குத் தலைகுனிவு தேடப் போகிறார்களே என்ற தொனியில் எழுதியது. அதுவரை ஒரே இடத்தில் 200 பேருக்குமேல் பார்த்ததில்லை என்றும், அங்கே 17,000 பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றும் பால்ஃபா பின்னாளில் சொன்னார்.

அவர் வாழ்க்கையில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்தக் கைதட்டலைக் கேட்ட மனிதர் வெளியூர் மேடைகளைத் தேடிக் குடிபெயரவில்லை. ஊருக்குத் திரும்பி, இதே கைதட்டல் இங்கே கேட்க வேண்டும் என்று வேலையைத் தொடங்கினார். வில் பிளாட் ஊரில் 'ஸ்வாலோ' இசைத்தட்டு நிறுவனம் நடத்திய ஃப்ளாய்ட் சொய்லோவிடம், மின் கருவிகள் இல்லாத பழைய பாணியில் ஒரு தட்டு போடும்படி விடாமல் கேட்டார். விற்காது என்று தயங்கியவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். தட்டு விற்றது. 1967-ல் அண்ணன் தம்பிகளோடு மறுபடி நியூபோர்ட். 1974 மார்ச் 26 அன்று லஃபாயெட் நகரில் கேஜன் இசைக்கென்றே நடந்த முதல் பெரிய விழாவுக்குப் பின்னால் இருந்த கைகளில் அவருடையதும் ஒன்று. நியூபோர்ட்டில் கேட்ட கைதட்டல் சொந்த ஊருக்கு வந்து சேர இப்படிப் பத்து ஆண்டுகள் ஆயின. பிறகு பள்ளிக்கூடங்கள். வகுப்பறைக்கு ஃபிடிலோடு போய், ஒரு பாட்டை வாசித்து, அது யார் வீட்டுப் பாட்டு, அதிலுள்ள பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருள் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்.

1970-களின் இறுதியில் அண்ணன் வில், தம்பி ராட்னி இருவரும் ஒரே கார் விபத்தில் இறந்தார்கள். சிறிது காலத்திலேயே மனைவியும் காலமானார். குழு உடைந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. ராட்னியின் மகன் டோனி, தன் மகள் கிறிஸ்டீன், நண்பர்கள் என்று ஆள் சேர்த்துக்கொண்டு வாசித்தார். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான தேசிய விருதை அமெரிக்க அரசு 1982-ல் தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே அது அவருக்குக் கிடைத்தது. 1992 ஜூன் 17-ல் காலமானார். கிறிஸ்டீன் நடத்தும் குழுவின் பெயர் 'பால்ஃபா தூஜூர்', 'என்றும் பால்ஃபா' என்று பொருள்.

பள்ளியில் பிரெஞ்சு பேசினால் அடிப்பார்களாமே, உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வாணியம்பாடி

உண்மை. 1921-ம் ஆண்டு மாநில அரசியல் சட்டம் பள்ளிக் கல்வி ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்றது. வீட்டில் பிரெஞ்சு மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் ஒரு சொல் உதிர்த்தாலும் தண்டனை பெற்றார்கள். பால்ஃபா அந்தத் தலைமுறை. தண்டனை வாங்கிய பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லித்தராமல் விட்டார்கள். மொழி போன வேகத்திலேயே பாட்டும் போகத் தொடங்கியது. 1968-ல் மாநில அரசே பிரெஞ்சு மொழியை வளர்க்க ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. 1974 விழாவை நடத்தியது அந்த அமைப்புதான்.

கறுப்பின மக்களுக்கு இதில் பங்கு உண்டா?
– வாசகி, ஆற்காடு

அடித்தளமே அவர்களுடையது என்று சொல்லலாம். அமெடே ஆர்டுவான் என்ற கறுப்பினக் கலைஞர் வெள்ளை ஃபிடில்காரர் டென்னிஸ் மெக்கீயுடன் சேர்ந்து 1929-ல் இசைத்தட்டு பதித்தார். இன்று கேஜன் அக்கார்டியன் கற்கும் எவரும் அவர் வாசித்த உருப்படிகளைத் தாண்டிப் போக முடியாது. ஓர் ஆட்டத்தில் வியர்வை துடைக்க ஒரு வெள்ளைப் பெண் கைக்குட்டை கொடுத்தார், அதை வாங்கிய குற்றத்துக்காக அவரை அடித்து நொறுக்கினார்கள் என்பது அந்தப் பகுதி மக்கள் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. 1942-ல் பைன்வில் அரசு மனநல மருத்துவமனையில் இறந்தார். கல்லறையை அடையாளம் காட்ட ஒரு கல்கூட இல்லை. அவர் இசையை ரசிப்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டே ரசிக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்கிறேன். அதே வயலினில் பால்ஃபா பாணியை வாசிக்கலாமா? சுருதி எப்படிச் சேர்ப்பது?
– மாணவர், குடியாத்தம்

தாராளமாக வாசிக்கலாம். ஃபிடில், வயலின் இரண்டும் ஒரே கருவி. மாற்ற வேண்டியவை மூன்று: சுருதி, வில், கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது).

முதலில் சுருதி. நீங்கள் ச-ப-ச-ப என்று சேர்த்திருப்பீர்கள். மேற்கத்திய முறையில் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் எல்லாமே ச-ப உறவில் இருக்கும். கேஜன் அக்கார்டியன் பெரும்பாலும் 1 கட்டையில் (மேற்கத்திய C) இருப்பதால், அதோடு வாசிக்கும் ஃபிடில்காரர்கள் நான்கு தந்திகளையும் அந்த மேற்கத்தியச் சுருதியிலிருந்து ஒரு முழுச் சுரம் இறக்கிக்கொள்வார்கள். தடித்த தந்தியிலிருந்து கணக்கிட்டால் 4 கட்டை, 1 கட்டை, 5 கட்டை, 2 கட்டை. இறக்கியதால் ஒலி கொஞ்சம் கனத்து, தளர்ந்து வரும். பால்ஃபாவின் பதிவுகளில் கேட்கும் அந்தக் கனத்துக்கு இதுவும் ஒரு காரணம். இறக்கும்போது நான்கையும் ஒரே மூச்சில் இறக்காதீர்கள். பாலத்தின்மேல் அழுத்தம் திடீரென்று குறைந்தால் பாலம் சாயும், உள்ளே நிற்கும் குச்சியும் விழுந்துவிடலாம். ஒவ்வொன்றையும் அரைச் சுரம் இறக்கி, பாலம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, பிறகு மீதி அரைச் சுரம். மறுநாள் சுருதி நகர்ந்திருக்கும், அது இயல்பு. (கிழக்கு அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைநாட்டு ஃபிடில்காரர்களிடம் நம் ச-ப-ச-ப-வை அப்படியே ஒத்த ஒரு சுருதி முறை உண்டு. அதனால் தந்தியைத் தொடாமலேயே அந்த மலைப்பாட்டுகளை முயன்று பார்க்கலாம்.)

காந்தாரத்தில் கவனம் தேவை. பியானோவில் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தூரத்தில் இருக்கும். கேஜன் அக்கார்டியன் செய்பவர்கள் அதை ஏறத்தாழ 14 சென்ட் இறக்கி, 386-க்கு அருகே வைப்பார்கள். இது நமக்குப் புதிதில்லை. தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டினால் மந்தரத் தந்தியிலிருந்து தானாக எழுமே, அதே அந்தர காந்தாரம்தான். கைபேசிச் செயலியின் ஊசியைப் பார்த்து விரல் வைத்தால் அக்கார்டியனோடு உரசும். காதை நம்புங்கள்.

ஒற்றை வரிசை அக்கார்டியனில் ஏழு சுரங்கள்தான் உண்டு. 1 கட்டையில் வாசித்தால் சங்கராபரணம். அதே கருவியில் 5 கட்டையை ஆதாரமாக வைத்தால் நிஷாதம் கைசிகி ஆகி, ஹரிகாம்போதி வரும். நிறையப் பாடல்கள் இந்த இரண்டாவது இருப்பில்தான் இருக்கின்றன. அவற்றின் ஏக்கம் அந்த நிஷாதத்தில் இருக்கிறது.

வில்தான் பெரிய வேலை. நீங்கள் நீண்ட வில்லில் பல சுரங்களைக் கோத்துப் பழகியவர். இங்கே வில்தான் தாளம். ஒரு நீளம், இரண்டு குட்டை: 'தா… தக, தா… தக'. வில்லின் நடுப்பகுதியில், உள்ளங்கை அகலத்துக்குமேல் போகாமல், தோள் அசையாமல், மணிக்கட்டால் இழுங்கள். பாட்டு இல்லாமல் 1 கட்டைத் தந்தியையும் 5 கட்டைத் தந்தியையும் சேர்த்து இழுத்தபடி, நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் இதை மட்டும் பத்து நிமிடம் செய்யுங்கள். இரண்டு தந்தியும் எப்போதும் சேர்ந்து ஒலிக்க வேண்டும், ஒன்றில் மெட்டு, மற்றதில் ஆதார சுருதி. ஒரு தந்தி விட்டுவிட்டுக் கேட்டால் வில்லின் சாய்வு சரியில்லை. முழங்கையை ஓர் அங்குலம் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கமகத்தை விடுங்கள். கீழிருந்து சுரத்துக்குச் சிறிய வழுக்கல் மட்டும் போதும், சுரத்தில் வந்து நின்றபின் அசைக்கக் கூடாது. எங்கள் அனுபவத்தில் கர்நாடக மாணவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். காந்தாரத்தை ஆட்டினால் ஆடுபவரின் கால் குழம்பும்.

கூடவே வாசிக்க ஒரு நண்பர் இருந்தால் இன்னும் நல்லது. ஒருவர் மெட்டு, மற்றவர் தடித்த இரண்டு தந்திகளில் தாளக்கட்டு. டூயி மெட்டு வாசிக்க, அண்ணன் வில் பால்ஃபா இப்படித்தான் அடியில் நின்று தாங்கினார். பதிவைக் கேட்கும்போது முதல் தடவை மெட்டை மறந்துவிட்டு ஃபிடில் வில்லின் இழுப்பை மட்டும் கேளுங்கள்.

ஒரு பழைய ஜெர்மன் ஒற்றை வரிசை அக்கார்டியன் கைமாறி வந்தது. ஒரு பொத்தானை அழுத்தித் துருத்தியைத் தள்ளினால் சரியாக இருக்கிறது, இழுத்தால் 'சர்ர்' என்கிறது. ஹார்மோனியம் சரிசெய்பவரிடம் கொடுக்கலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

கொடுக்கலாம். ஆனால் வித்தியாசத்தை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹார்மோனியத்தில் காற்று ஒரே பக்கம்தான் போகும். ஒரு ரீடு, ஒரு சுரம், ரீடும் பித்தளை. இதில் ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு எஃகு நாக்குகள், பக்கத்துக்கு ஒன்று. தள்ளினால் ஒன்று பேசும், இழுத்தால் மற்றது, சுரமும் வேறு. ஒன்று பேசும்போது மற்றதன் வழியே காற்று ஒழுகாமல் இருக்க, ஒவ்வொரு நாக்குக்கும் எதிர்ப்பக்கத்தில் மெல்லிய தோல் பட்டை ஒட்டியிருக்கும். மேலே நாலு குமிழ் (ஒவ்வொன்றும் ஒரு வரிசை நாக்குகளைத் திறந்து மூடும்), பத்துப் பொத்தான் என்றால் வலப்பக்கம் மட்டும் 80 நாக்குகள்.

திறப்பதற்கு முன் நாலு குமிழ்களையும் மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து அந்தப் பொத்தானை அழுத்துங்கள். எந்த வரிசையில் சத்தம் என்று தெரிந்துவிடும். பிறகு துருத்தியைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் குறடால் பிடுங்கி, எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசையில் ஓர் அட்டையில் குத்திவையுங்கள். ஆணி இடம் மாறினால் காற்றுக் கசியும்.

இழுக்கும்போது மட்டும் 'சர்ர்' என்றால் முதல் சந்தேகம் துருத்திப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் தோல் பட்டைமேல். இழுக்கும்போது பேசும் நாக்கு உள்ளே மறைந்திருக்கும், அதன் தோல் வெளியே இருக்கும். வெயிலில் அந்தத் தோல் சுருண்டு நுனி மேலே தூக்கியிருந்தால் காற்றில் படபடக்கும். விரல் நுனியால் பின்பக்கமாக மெல்ல வளைத்து நேராக்கிப் பாருங்கள். நேராகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். தோல் ஊரில் இருக்கிறீர்கள், கையுறைக்குப் போகும் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு கேட்டு வாங்குங்கள். ஷூவுக்குப் போகும் பளபளப்புப் பூச்சுத் தோல் விறைப்பானது, உதவாது. தகட்டில் நாக்கு ஆடும் துளையைவிட ஒரு மில்லிமீட்டர் அகலம் கூட வைத்து வெட்டி, நாக்கின் ஆணி இருக்கும் முனையில் மட்டும் ஒரு துளி பசை. மறுமுனை ஒட்டிக்கொண்டால் சுரமே வராது.

தோல் சரியாக இருந்தால் அடுத்தது தூசு. நாக்குக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு நூல் இழை போதும். மெல்லிய தாளை நுழைத்து இழுங்கள். மூன்றாவது மெழுகு. தகடுகளைக் கட்டையில் பிடித்திருப்பது தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த பூச்சு. அது விரிசல் விட்டால் தகடே அதிரும். மூன்று நான்கு பங்கு தேன்மெழுகுக்கு ஒரு பங்கு குங்கிலியம் உருக்கி, சூடான சிறு கரண்டியால் விளிம்பில் மட்டும் விடுங்கள், நாக்கில் ஒரு சொட்டும் படக் கூடாது.

துரு நீக்கும் எண்ணெயை எந்தக் காரணத்துக்காகவும் பீய்ச்சாதீர்கள். மெழுகு இளகும், தூசு ஒட்டும், தோல் ஊறும். சுருதி சேர்ப்பவர் நாக்கைச் சுரண்டும் முறை ஹார்மோனியத்துக்கும் இதற்கும் ஒன்றுதான்: நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். எஃகு என்பதால் அடியில் மெல்லிய தகடு கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும், இளகுவது அதற்கு முன்பே. சித்திரை வைகாசியில் பூட்டிய காரின் பின் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் தகடுகள் வரிசை வரிசையாகச் சரிந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழுள்ள பரணும் வேண்டாம். துருத்தியை மூடி வார் மாட்டி, வாசிக்கும் நிலையிலேயே நிமிர்த்தி வையுங்கள். படுக்கப்போட்டால் தோல் பட்டைகள் தொங்கி வளையும்.

அந்த இரும்பு முக்கோணத்தை இங்கே செய்ய முடியுமா?
– பட்டறைக்காரர், சோளிங்கர்

முடியும். லூசியானாவில் வைக்கோல் வாரும் இயந்திரத்தின் பழைய பற்களை வளைத்துச் செய்தார்கள். அது வில் எஃகு (ஸ்பிரிங் ஸ்டீல்). கட்டடக் கம்பியில் செய்தால் ஒலி மங்கி, சீக்கிரம் அடங்கிவிடும். பழைய வண்டியின் சுருள் வில் கம்பி, 8 முதல் 10 மில்லிமீட்டர் தடிமன் கிடைத்தால் போதும். சிவக்கக் காய்ச்சி நேராக்கி, பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர் வைத்து இரண்டு இடத்தில் வளையுங்கள். மூன்றாவது மூலையில் முனைகள் தொடாமல் விரலளவு இடைவெளி விடுங்கள். பற்றவைத்தால் மணியோசை போய்விடும். வளைத்தது செம்மஞ்சளாக இருக்கும்போதே நீரில் முக்கினால் கடினமாகி, கீழே விழும்போது ஒடியும். காற்றிலேயே ஆறவிட்டு ஒருமுறை தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். அடிக்கும் கோலுக்கும் அதே கம்பி, ஒரு சாண் நீளம்.

இடக்கைக் கட்டைவிரலில் ஒரு கயிற்று வளையத்தால் தொங்கவிட்டு, மற்ற விரல்களால் மேல் மூலையைப் பிடித்தும் விட்டும் வாசிக்க வேண்டும். பிடித்தால் 'தக்', விட்டால் 'திங்'. இரண்டு தட்டு ஆட்டத்துக்குத் 'தக் திங் தக் திங்', மூன்று தட்டு வால்ட்ஸுக்குத் 'தக் திங் திங்'. கோல் முக்கோணத்தின் உள்பக்கத்தில் மட்டும், கீழ்க் கம்பியிலும் சாய்ந்த கம்பியிலும் மாறி மாறி விழ வேண்டும். செய்து முடித்ததும் கயிறு பருத்தி நூலாக இருக்கட்டும், நைலான் வழுக்கி முக்கோணம் சுழலும்.